குழிந்த சங்கும் நிமிர்ந்த சங்கும்

என் பழக்கம் உமக்குத் தெரியும். எதை எழுதினாலும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் என் பேனா நகராது. "ஒம்ம கல்யாணப் பத்திரிகையிலயும் நம்பர் போட்டிருப்பீரே, வே" என்று சிரிப்பீர். இப்போதும் சிரித்துக்கொள்ளும். இந்த மடலில் வரப்போகிறவை இவை:

1. இன்று காலை உம்முடைய மகள் கொண்டுவந்து தந்த தகர டப்பா.

2. நாம் இருவரும் காசு பார்த்த முறை.

3. மயிலாடி ஆசாரி பிடிபட்டதும், நான் அவசரப்பட்டதும்.

4. முட்டத்துச் செக்கு.

5. என்னிடமுள்ள காசின் ஓரத்திலிருக்கும் பிறைவெட்டு, காசு பிறந்த இடத்திலேயே நேர்ந்தது என்பதற்கு என் நிரூபணம். நீர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாதது இது ஒன்றுதான்.

டப்பாவைத் திறந்ததுமே உம்முடைய கோட்டாற்றுக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. புளித்தண்ணீரும் செம்பும் சேர்ந்து அடிக்கும் அந்த வாசனை இத்தனை வருஷமாக ஒரு தகர டப்பாவுக்குள் எப்படித் தங்கியதோ! பஞ்சுக்கு நடுவே மகாராஜா காலத்து அந்தச் செம்புச் சக்கரக்காசு கிடந்தது. சங்கு முத்திரை மற்றக் காசுகளைப்போல் மேலெழும்பாமல், உள்ளே குழிந்து, இடம் வலமாகத் திரும்பிய காசு. உலகத்தில் நாம் இருவர் மட்டுமே ஒரு பட்டத்து யானையைப் போல மதித்த காசு.

"மாமா, வாப்பா மௌத்தாவதுக்கு முந்தி இத ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாவ" என்றாள் உம்முடைய மகள். "எதுக்குன்னு கேட்டேன். அதுக்கு ஒரே சிரிப்பு. மூச்சு வாங்கிக்கிட்டு கெடந்தவிய, அந்த நேரத்திலயும் சிரிச்சாவ."

அவள் போனபிறகு என் இழுப்பறையிலிருக்கும் காசையும் எடுத்து இதனோடு சேர்த்துப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் எடுக்கவில்லை. அது ஐந்தாவதில் வரவேண்டியது. வரிசை என்றால் வரிசை.

இனி இரண்டாவது. நீர் கோட்டாற்றில் பாத்திரக் கடைக்காரர். நான் நாகர்கோவில் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். குடம் வாங்க வந்த இடத்தில், நீர் மீதி தந்த காசை நான் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு, "என்னவே, கள்ளக்காசுன்னு நெனைக்கீரா?" என்று கோபப்பட்டீர். "இல்லை, இந்த எழுத்து ஏன் இரட்டையாகத் தெரிகிறது என்று பார்க்கிறேன்" என்றேன். உம்முடைய முகம் மாறியதை இப்போதும் காண்கிறேன். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மடக்குப் பூதக்கண்ணாடியை எடுத்து என் கையில் தந்தீர். குடத்தை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்லாவிலிருந்த செம்புக்காசு முழுவதையும் சொளகில் கொட்டுவோம். எல்லாக் குறையையும் இரண்டே பெயரில் அடக்கிவிடுவீர். கம்மட்டத்தில், அதாவது காசு அடிக்கும் சாலையிலேயே நேர்ந்தது என்றால் அது பிறவிக்குறை. வெளியே வந்து மனிதர் கையிலும் மண்ணிலும் பட்டது என்றால் அது பட்ட அடி. குழந்தையின் அரைஞாணில் கோக்கத் துளையிட்ட காசு பட்ட அடி. இனயம் கடற்கரை மணலில் கிடந்து உப்பு தின்று இலையாக மெலிந்த காசும் பட்ட அடி. ஒருநாள் சங்கின் குறுக்கே ஒரு கோடு ஓடிய காசைக் கண்டு, யாரோ கீறியிருக்கிறார்கள் என்று ஒதுக்கினேன். நீர் அதை எடுத்து என் நகத்தை அதன்மேல் ஓட்டச் செய்தீர்.

"குழியா, மேடா?"

"மேடு."

"கீறுனா குழியும் வே. மேடு எப்பிடி வரும்? அச்சு வெடிச்சிருக்கு, வெடிப்புக்குள்ள செம்பு ஏறியிருக்கு. பிறவிக்குறை! கொண்டாரும் இங்க."

அதைப் பறித்து உம்முடைய டப்பாவில் போட்டுக்கொண்டீர். இப்படிப் பிறவிக்குறையெல்லாம் உம் கண்ணில்தான் படும். என் கண்ணில் ஒன்றுகூடப் பட்டதில்லை. நான் ஆவலோடு நீட்டுகிற ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் வேலையாகவோ, ஒரு நகைத் தட்டானின் வேலையாகவோ முடியும். நான் முகம் சுருங்குவேன். நீர் என் தோளில் தட்டி ஒன்று சொல்வீர்: "என்ன ஆச்சுன்னு காசுகிட்ட கேக்காதேயும் வே. எது முந்தி ஆச்சுன்னு கேளும்."

எனக்கு ஒரு கனவு இருந்தது. ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்தேன். கம்மட்டத்தில் அடித்த காசு சில சமயம் கீழே விழாமல் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த செம்பு வில்லை வந்து சேரும்போது, அச்சுக்குப் பதில் அந்தக் காசே அதன்மேல் அடித்துப் பதியும். அப்போது படம் குழிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழும். அப்படி ஒரு காசு என் கண்ணில் படவேண்டும், அதுவும் உம் கண்ணுக்கு முன்னால் படவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அது போலீஸ் ஸ்டேஷனில் வந்து பட்டது. மூன்றாவதுக்கு வந்துவிட்டேன்.

அந்த இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து வந்தவர். அவர் பேச்சில் மலையாளம்தான் மிகுதி. நான் காசுப் பைத்தியம் என்று யாரோ சொல்லி, ஆள் அனுப்பியிருந்தார். போனால், மேஜைமேல் ஒரு துணியில் இந்தக் காசு. மூலையில் மயிலாடியிலிருந்து பிடித்துவந்த ஒரு கல்தச்சர் குந்தியிருந்தார். ஆறுமுகம் ஆசாரி என்று பெயர்.

"சாரே, இதொண்ணு நோக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "கள்ளக்காசு அடிக்குந்ந அச்சாணு. கண்டோ, சங்கு குழிஞ்ஞு, திரிஞ்ஞு! இவன் கையில் உளியும் உண்டு, உலையும் உண்டு. வேறெந்து வேணும்?"

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. அச்சு என்றால் படம் குழிந்தும் திரும்பியும்தானே இருக்கும். கல்லில் சங்கு கொத்துகிறவனுக்குச் செம்பில் கொத்தத் தெரியாதா? ஆசாரி கல்பொடி படிந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளக்காசு என்று நிரூபணமானால் அவர் எத்தனை வருஷம் உள்ளே கிடப்பாரோ!

நான் காசை எடுக்கக் கை நீட்டினேன். "தொடண்டா சாரே, தெளிவாணு" என்று, சாட்சிப்பொருளைத் தொடக்கூடாதெனத் தடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. என் கனவு துணிமேல் கிடக்கிறது, தொட்டுத்தான் தெரியவேண்டுமா? "இது அச்சு இல்லை. கம்மட்டத்தில் நேர்ந்த பிழை" என்று ஒரே மூச்சில் சொல்லி, காசு அச்சோடு ஒட்டும் விதத்தையும் விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோர்வையாக நான் பேசியதில்லை. இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, "எங்கில் கம்மட்டத்தினு எழுதாம். அவரு பறயட்டெ" என்று, கம்மட்டத்துக்கே எழுதிக் கேட்க முடிவு செய்தார்.

உம்முடைய கடைக்கு ஓடிவந்தேன்.

"என்னவே, பள்ளிக்கூடம் இடிஞ்சு விழுந்திட்டா?"

"கிடைத்துவிட்டது! பிறவிக்குறை! சங்கு குழிந்த காசு! நானே கண்ணால் பார்த்தேன்!"

முழுவதையும் கேட்டீர். உம்முடைய கண்ணும் பளபளத்தது. பிறகு மெதுவாக, "மறுபக்கம் பாத்தீரா?" என்றீர்.

"இல்லை. தொட விடவில்லை."

"அப்ப பாதி காசுதான் பாத்திருக்கீரு. மீதிப் பாதியைக் கம்மட்டத்துக்காரன் பாப்பான். இது எங்களுது இல்லைன்னு அவன் எழுதிட்டான்னு வையும், அந்த ஒத்தக் கடுதாசி போதும், ஆசாரிய உள்ள தள்ள. பிழையும் இல்லை, அப்ப அச்சுதான்னு ஆகிப்போவும். நடயும் வே!"

என் வியர்வை அடங்குவதற்குள் மறுபடி ஸ்டேஷன். நீர் இன்ஸ்பெக்டரிடம் கும்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "நாங்க தொடல்ல எசமான். ஒங்க கையாலயே ஒண்ணு திருப்பிக் காட்டுங்க. அது போதும்."

அவர் திருப்பினார். மகாராஜாவின் பெயரெழுத்து இருக்கவேண்டிய பக்கம். எழுத்து பல கை பட்டுத் தேய்ந்திருந்தது. தேய்ந்த எழுத்தின்மேல் கருங்கல்லின் சொரசொரப்பு, புள்ளி புள்ளியாகப் புதிதாகப் பதிந்திருந்தது. கம்மட்டத்தில் பிறந்த பிழையென்றால் மறுபக்கம் துலக்கமாக அடிபட்டிருக்கவேண்டும். தேய்ந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கவேண்டும். இதிலோ ஒரு பக்கம் கிழவன். மறுபக்கத்துச் சங்கு நேற்றுப் பதிந்ததுபோல் கூர்மை. எது முந்தி ஆச்சு? தேய்ந்தது முந்தி. குழிந்தது பிந்தி.

என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "பட்ட அடி வே" என்றீர். இரக்கத்தோடுதான் சொன்னீர். ஆனாலும் என் முகம் விழுந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் ஆசாரியின் பெண்சாதி நின்றிருந்தாள். உம்மிடம்தான் வாய் திறந்தாள். "அந்தக் காச எடுத்தது நாந்தான் சாயிபே. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், சுக்கு வாங்கிட்டு வாங்கன்னு அவிய கையில குடுத்து அனுப்பினேன். கடைக்காரன் கள்ளக்காசுன்னு போலீசுல பிடிச்சுக் குடுத்திட்டான்."

"எங்கேருந்து எடுத்த, தாயி?"

"செக்குக் கல்லுக்கு அடியில கெடந்தது. பெரிய கல்லு நிமித்தி வேல தொடங்கும்போ அடியில ரெண்டு காசு வைப்பாவ. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. பழச உலையில செவக்க வச்சுத் தண்ணியில முக்கிக் கீழ தளக் கருங்கல்லுமேல வைப்பாவ. புதுச அதுமேல கமத்துவாவ. சங்கும் சங்கும் முகம் பாக்கணும். வேல முடிஞ்சு கல்லு எறங்குற வரை யாரும் தொடப்பிடாது."

நீர் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது. "செவக்க வச்சாவளாம் வே! முக்கினாவளாம்! செம்பச் செவக்கக் காச்சினா அது பாறையா நிக்குமா? வெண்ணெயால்ல ஆகும்! இல்லாட்டி நாங்க கொடம் தட்ட முடியுமா? அதுமேல புதுக்காசு, அதுமேல செக்கு. அதுவும் மாசக்கணக்கா உளி வச்சு ஒவ்வொரு அடியா அடிச்சிருக்கான்!"

எனக்கும் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கம்மட்டத்தில் ஒரே அடியில் நடக்கக்கூடியதை, மயிலாடியில் ஒரு செக்கு உட்கார்ந்து நிதானமாகச் செய்திருக்கிறது! ஒரு காசு மற்றொன்றைப் பெற்றிருக்கிறது! என் பிழை பறிபோன வருத்தம் அந்த இடத்திலேயே பறந்துவிட்டது.

"மேல இருந்த புதுக்காசு எங்க?" என்று கேட்டீர்.

"கல்லோட ஒட்டிக்கிட்டுப் போயிட்டு. வண்டியில ஏத்தும்போ அடியில மின்னுச்சு, பாத்தேன். முட்டத்து எண்ணெக்காரருக்குள்ள செக்கு. நாளக்கி வெடிஞ்சா குழியில நட்டிருவாவ."

நட்டுவிட்டால் பாதிச் செக்கு மண்ணுக்குள். அதன்பிறகு அந்தக் காசை யார் எடுப்பது? "இவள் சொன்னதையே இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாமே" என்றேன். "பெஞ்சாதி சொன்னா எவன் நம்புவான்? காசு சொல்லணும்" என்றீர்.

நான்காவது. கிழக்கு வெளுக்கும்போது நம்முடைய சவாரி தொடங்கியது. சைக்கிள் என்னுடையது, பாரம் உம்முடையது. என் உடம்பு இரண்டு சேர்ந்தாலும் உம்முடைய ஒன்றுக்கு ஈடாகாது. பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மிதியும் வே! ஒம்ம காலுலதான் ஆசாரி கெடக்கான்!" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தீர். வெள்ளிச்சந்தை தாண்டியதும் சங்கிலி கழன்றது. நான் மாட்டுவதற்குள் நீர் பொறுக்காமல் முன்னே நடக்கத் தொடங்கிவிட்டீர். முட்டத்தின் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது என் சட்டை கடலில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

செக்கு குழியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. நாலாபுறமும் கயிறு, கயிற்றைப் பிடித்து ஆட்கள். எண்ணெய்க்காரர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். அடிப்பாகத்த ஒண்ணு பாக்கணும்" என்றீர்.

"அடிப்பாகத்துல என்ன ஓய் இருக்கு? கல்லு பாக்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?"

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், "மாப்பிள்ளை ஓடியே வந்திருக்காரு பாருங்கலே, என்னா வேர்வை!" என்று என்னைக் காட்டினான்.

"நேரம் தப்பிச்சுன்னா நீரா வந்து எண்ணெ ஆட்டுவீரு? விடுங்கலே கயித்த!" என்றார் எண்ணெய்க்காரர்.

கயிறு தளர்ந்தது. செக்கு ஒரு சாண் அசைந்தது. அப்போது யாரோ, "நிறுத்துங்க!" என்று கத்தினார்கள். அது என் குரல் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "இந்தச் செக்க அடிச்ச ஆசாரி ஸ்டேஷன்ல கெடக்காரு! அந்த மனுசனுக்க ஜீவிதம் இந்தக் கல்லுக்கு அடியில ஒட்டியிருக்கு! இத நட்டீங்கன்னா அவரயும் சேத்து நட்ட மாதிரி!"

கயிற்றுக்காரர்கள் அப்படியே நின்றார்கள். எண்ணெய்க்காரரின் முகம் மாறியது. "யாரு, ஆறுமுகமா? உள்ளயா? அத முதல்லயே சொல்லப்பிடாதா? ஏலே, இழுங்கலே! இறுக்கிப் பிடிங்கலே!"

நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாய்ந்த கல்லுக்கு அடியில் மல்லாந்து புகுந்தீர். நானும் ஓடிப்போய் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து விரலால் சுரண்டும் சத்தம். பிறகு உம்முடைய குரல்: "இருக்கு வே! சங்கு சிரிக்கி!"

மண்ணும் கல்பொடியுமாக இருந்த அந்தக் காசை என்னிடம்கூடத் தராமல் மடியில் முடிந்துகொண்டீர். இன்ஸ்பெக்டரின் மேஜையில்தான் அவிழ்த்தீர். நீர் கேட்டுக்கொண்டபடி அவரே குழிந்த சங்கின்மேல் நிமிர்ந்த சங்கைக் கவிழ்த்து மெல்லத் திருப்பினார். ஒரு இடத்துக்கு வந்ததும் பூட்டில் சாவி இறங்குவதுபோல் சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. அசைத்தார்; அசையவில்லை. பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒன்றின் வயிற்றில் இருந்த மயிரிழைக் கீறல், மற்றதில் மேடாக நின்றது. அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் சட்டப்படி என்று, எதிரேயிருந்த தட்டானை வரவழைத்தார். புதுக்காசு கம்மட்டத்துச் செம்புதானா என்று சோதிக்கவேண்டும். எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். நான் திரும்பி வரும்போது ஆசாரி விடுபட்டு வாசலில் நின்று பெண்சாதியை ஏசிக்கொண்டிருந்தார்: "சுக்கு வாங்க ஒனக்கு வேற காசே கெடைக்கல்லியாட்டி?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முகம் பார்த்துப் பிரிந்த காசை அவர்கள் மறுபடி கல்லுக்கு வைப்பதில்லையாம். குழிந்ததை உமக்கும் நிமிர்ந்ததை எனக்கும் ஆசாரி தந்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது. அன்று இரவே என் காசைக் கழுவாமல் துடைத்துப் பார்த்தபோது, அதன் ஓரத்தில் நகம் வெட்டியதுபோல் ஒரு பிறை குறைந்திருந்தது. மறுநாளே உம்மிடம் ஓடி வந்தேன். "பாரும், இது பிறவிக்குறை! கம்மட்டத்தில் செம்புத் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது, முன்னால் வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்திருக்கிறது!" நீர் பார்த்தீர். ஏதோ சொல்ல வாயெடுத்தீர். பிறகு, "எனக்கு அப்பிடித் தோணல்ல வே" என்று மட்டும் சொன்னீர். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லமாட்டீர். உம்முடைய காசைக் காட்டச் சொன்னால், "பூட்டி வச்சிருக்கேன் வே, சாவியக் காணல்ல" என்பீர். இத்தனை வருஷம் அந்தச் சாவி அகப்படவே இல்லை. நான் கண்டுபிடித்த ஒரே பிறவிக்குறை என்பதால் உமக்குப் பொறாமை என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன்.

என் நிரூபணம் இரண்டு. ஒன்று, பிறையின் வெட்டு வழவழப்பானது, பிசிறு இல்லை. உளியோ கடப்பாரையோ பட்டிருந்தால் செம்பு ஒதுங்கி நிற்கும். இரண்டு, பிறைக்கு நேர் எதிரே விளிம்புக்கோடு மங்கியிருக்கிறது. பிறவியிலேயே ஓரம் குறைந்த வில்லை அச்சுக்குள் இறுக்கமாக உட்காராது. அதனால் எதிர்ப்பக்கம் சரியாகப் பதியாது. இதற்கு நீர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இதோ, என் காசை எடுத்துவிட்டேன். இரண்டையும் முகம் பார்க்க வைத்துத் திருப்புகிறேன். உட்கார்ந்துவிட்டது! அன்று கேட்ட அதே சின்னச் சத்தம்!

பிரித்து, உம்முடைய குழிந்த காசைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். சங்கைச் சுற்றி என் காசின் விளிம்புக்கோடு வட்டமாக அழுந்தியிருக்கிறது. பிறை வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். அங்கே தடம் நின்றுபோயிருக்கவேண்டும். ஓரமே இல்லாத இடம் எப்படி அழுத்தும்?

நிற்கவில்லை. வட்டம் முழுவதாக ஓடுகிறது.

எது முந்தி ஆச்சு? செக்கின் அடியில் கிடந்தபோது என் காசு முழுக்காசு. பிறை அதற்குப் பிந்தி வந்தது. எதிர் விளிம்பு மங்கியதும் செக்கின் வேலையாகத்தான் இருக்கும். பிசிறில்லாத வழவழப்பு தட்டானின் அரம் ராவியதால் வந்தது. நான் கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பைச் சோதிக்க ஓரத்தில் ராவியெடுத்திருக்கிறார். நீர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர். போதாததற்கு, என்னை ஒரே நொடியில் தோற்கடிக்கும் சாட்சியை இந்த டப்பாவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, வருஷக்கணக்காகச் சாவியைத் தேடியிருக்கிறீர்.

பொய் சொல்லவும் உமக்கு மனம் வரவில்லை. பறித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேப்பமரத்தடிக்குப் போகுமுன் என் முகம் விழுந்ததைப் பார்த்தீர் அல்லவா? ஒரு பிறவிக்குறையை என்னிடமிருந்து எடுத்துவிட்டோம், மற்றொன்று இவனிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டு வைத்தீர். நான் கண்டுபிடிக்கும் நாளை நினைத்துத்தான் கடைசியில் அப்படிச் சிரித்திருக்கிறீர்.

எந்தத் தீர்ப்புச் சொல்லும் முன்பும் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உம்மிடமிருந்து எனக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளிடமும், வீட்டாரிடமும், பஞ்சாயத்துகளிலும் அது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. என் சொந்தக் காசிடம் மட்டும் அதைக் காட்டத் தவறியிருக்கிறேன். இனி இரண்டு காசும் உம்முடைய டப்பாவிலேயே முகம் பார்த்தபடி இருக்கும்.

மேலே எழுதிய ஐந்தில் நான்கு சரி. ஐந்தாவது தவறு. அது பட்ட அடிதான், வே.